கண்ணீருக்கும் அசையாத பிடி

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர்ப் புல்வெளியில் மேயும் மாடு ஒரு கண்ணை மூடிக்கொண்டே நின்றால், கன்னத்தில் ஓயாமல் நீர் வடிந்தால், ஈ மொய்த்தால் கவனிக்க வேண்டும். சில நாளில் கருவிழியின் நடுவே வெள்ளை படரும். "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்பார்கள்.

மாடுகளில் இதற்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா. 1896-இல் மனிதக் கண்ணில் இதன் உறவுக் கிருமியைக் கண்டறிந்த விக்டர் மொராக்ஸின் பெயரைத்தான் இந்தப் பேரினம் தாங்கியிருக்கிறது. மாட்டுக் கண்ணில் இருப்பதை 1923-இல் அமெரிக்காவின் ஜோன்ஸும் லிட்டிலும் விவரித்தார்கள்.

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அது கண்ணில் எப்படித் தங்குகிறது? இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் கருவிழியைத் துடைத்து விடுகிறது. கண்ணீர் கழுவிக்கொண்டே இருக்கிறது.

விடைக்கான தடயம் ஆய்வகத் தட்டில் கிடந்தது. நோயுற்ற கண்ணிலிருந்து புதிதாக எடுத்த கிருமி, அகார் கூழின் மேல் சும்மா பரவாமல் அதைக் குழித்து அமர்கிறது. அதையே தட்டு மாற்றித் தட்டு வளர்த்தால் குழி மறைந்து வழவழப்பான புள்ளிகளாகி விடுகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரிந்தது: குழிப்பவற்றின் உடலெங்கும் மெல்லிய இழைகள், வழவழப்பானவற்றில் ஒன்றுமில்லை. பெடர்சன், ஃப்ரோஹோம், போவ்ரே என்ற ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் மூவரும் இரு வகையையும் மாடுகளின் கண்ணிலேயே இட்டுப் பார்த்து 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். இழையுள்ளவை குடியேறி நோயை உண்டாக்கின. இழையில்லாதவற்றால் முடியவில்லை. ஒட்டும் பிடிதான் நோயின் முதல் படி என்பது அங்கே நிலைபெற்றது.

பிலை எனப்படும் அந்த இழை, பிலின் என்ற புரதத்தின் துண்டுகள் திருகாக அடுக்கப்பட்டு உருவாவது. தடிமன் நம் தலைமுடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எனக்கு இதில் பெரிய வியப்பு, இழை நீள்வதோடு நிற்பதில்லை என்பதுதான். தூண்டில்போலப் போய்ப் பற்றி, பிறகு உள்ளே சுருங்கி, கிருமியைச் செல்லின் அருகே இழுத்துவிடுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் நஞ்சைச் சுரந்தால் கண்ணீர் அதைக் கரைப்பதற்குள் செல் சிதைகிறது, கருவிழி புண்ணாகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்புறத்தை ஏற்கெனவே பழுதாக்கியிருந்தால் கிருமிக்கு வேலை இன்னும் சுலபம். மன்னவனூர் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அங்கே அந்தக் கதிர் சமவெளியைவிட அதிகம்.

இழையையே தடுப்பூசியாக்கிப் பார்த்தார்கள். அதே இழையுள்ள கிருமியிடமிருந்து மாட்டுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. வேறு இழையுள்ளது வந்தபோது பலிக்கவில்லை. காரணம் கிருமியின் மரபணுவிலேயே இருக்கிறது. டி.என்.ஏ.யின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பினால் போதும், ஒரு பிலினை விட்டு இன்னொரு பிலினைச் செய்யத் தொடங்கிவிடும். ஆகையால் இன்றும் முதல் காவல் மேய்ப்பவரிடம்தான்: நீர் வடியும் மாட்டை நிழலில் தனியே கட்டுவது, ஈயை விரட்டுவது, பூ விழும் முன்பே கால்நடை மருத்துவரை அழைப்பது.