மூன்று நாள் இடைவெளியில் இரண்டு துப்பாக்கிச் சூடு: கீழத்தூவலும் பரமக்குடியும்

செப்டம்பர் 14, 1957. முதுகுளத்தூர் பக்கம் கீழத்தூவல் கிராமத்தில் போலீஸ் சுட்டதில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் செத்தார்கள். செப்டம்பர் 11, 2011. பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் போலீஸ் சுட்டதில் தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் செத்தார்கள். நடுவில் 54 வருஷம். காலண்டரில் பார்த்தால் மூன்றே நாள். ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரிதான்.

இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்து எழுதினவர்கள் ரொம்பக் குறைவு. கீழத்தூவலைப் பற்றிப் பேசுகிற புத்தகங்கள் பரமக்குடியைத் தொடுவதில்லை. பரமக்குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கீழத்தூவலை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அவரவர் பிணத்தை அவரவர் எண்ணுகிறார்கள். எங்கள் அச்சங்குளத்துப் பக்கமும் அப்படித்தான், டீக்கடையில் எந்த பெஞ்சில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். (அச்சங்குளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2021 பிப்ரவரியில் ஃபயர் ஆபீஸ் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததுதான் நினைவுக்கு வரும். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் செத்தபோது, "போலீசும் நிறவெறியும்" என்று நம்மூர் ஆட்களும் நிறைய எழுதினார்கள். நல்லதுதான். ஆனால் போலீசும் சாதியும் என்று எழுத மினியாபொலிஸ் வரை போக வேண்டியதில்லை, அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் போதும்.

முதலில் 1957. அன்றைக்கு விருதுநகர் தனி மாவட்டம் இல்லை, 1985 வரை எல்லாம் ஒரே ராமநாதபுரம். முதலமைச்சர் காமராசர், இதே சாத்தூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். எதிர்ப்பக்கம் முத்துராமலிங்கத் தேவர், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அந்தப் பொதுத்தேர்தலில் தேவர் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயித்திருந்தார். அதை விட்டுக்கொடுத்ததால் ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது, ஃபார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். தேர்தல் முடிந்தது, பகை முடியவில்லை. காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்று தேவேந்திரர் தெருக்கள் மேல் கோபம். தேவேந்திரர்கள் பக்கமும் பழைய மாதிரி அடங்கிப் போகிற காலம் முடிந்திருந்தது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் ராணுவத்தில் இருந்து திரும்பி வந்த இம்மானுவேல் சேகரன்.

செப்டம்பர் 10-ஆம் தேதி கலெக்டர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவரும் வந்தார், இம்மானுவேலும் வந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32.

கொலையாளிகளைத் தேடிப் போலீஸ் போன ஊர்களில் ஒன்று கீழத்தூவல். அங்கே நடந்ததற்கு இரண்டு கதை. போலீஸ் கதை: கூட்டம் ஆயுதத்தோடு தாக்க வந்தது, தற்காப்புக்குச் சுட்டோம். ஊர்க் கதை: பிடித்துப்போய் கண்ணையும் கையையும் கட்டி, கண்மாய்க்கரையில் வைத்துச் சுட்டார்கள். விசாரிக்க அரசு நியமித்தது நீதிபதியை இல்லை. வருவாய் வாரிய உறுப்பினர் எஸ். வெங்கடேஸ்வரன், ஐ.சி.எஸ். சுட்டது நியாயமே என்று அவர் அறிக்கை கொடுத்தார். அதற்குள் கலவரம் பெரிசாகிவிட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, எரிந்ததில் மிகப் பெரும்பங்கு தேவேந்திரர் வீடுகள். வேறு சில ஊர்களிலும் போலீஸ் சுட்டது. செப்டம்பர் 28-ல் தேவர் கைது. இம்மானுவேல் கொலை வழக்கில் அவர் 1959 ஜனவரியில் விடுதலை ஆனார்.

இங்கே ஒன்றைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் கீழத்தூவல் புரியாது. ரேகைச் சட்டம் என்று நம் தாத்தாமார் சொன்ன குற்றப் பரம்பரையினர் சட்டம். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. அப்பநாட்டு மறவர்கள் 1929-ல் அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். தேவர் அரசியலுக்கு மக்கள் பலம் சேர்ந்ததே அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். 1947-ல் சட்டம் போனது. அதாவது, ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டிய நிலை நீங்கிப் பத்தே வருஷத்தில் கீழத்தூவல். பிறப்பைப் பார்த்தே குற்றவாளி என்று முடிவு செய்கிற பழக்கம் சட்டப் புத்தகத்திலிருந்து போன வேகத்தில் போலீஸ் கையிலிருந்து போயிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அதே சமயம், அதே மறவர் தெருதான் தேவேந்திரர் தெருவுக்கு மேல்சாதி அதிகாரமாக நின்றது என்பதும் உண்மை. இதை ஒத்துக்கொள்வதில் எதற்குத் தயக்கம்? ஒரு சமூகம் போலீசிடம் அடி வாங்கிக்கொண்டே இன்னொரு சமூகத்தை அடிக்க முடியும். அமெரிக்காவில் வெள்ளை, கருப்பு என்று கோடு ஓரளவு நேராகப் போகும். நம்மூர்க் கோடு படிக்கட்டு மாதிரி.

இனி 2011. செப்டம்பர் 9-ஆம் தேதி அந்தப் பகுதியில் தேவேந்திரர் சமூகத்து பள்ளி மாணவன் ஒருவன் கொல்லப்பட்டான். மறுநாள் இல்லை அதற்கு மறுநாள் நினைவு தினம். தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் ஜான் பாண்டியன் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வரத் தடை போட்டார்கள். அன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டுப் பக்கம் அவரைக் கைது செய்தார்கள். செய்தி பரமக்குடிக்கு வந்ததும் ஐந்துமுனையில் மறியல். பேச்சுவார்த்தை, தடியடி, கல்வீச்சு, வண்டிகளுக்குத் தீ, துப்பாக்கி. போலீஸ்காரர்களுக்கும் காயம். மதுரை சிந்தாமணியிலும் அன்றே போலீஸ் சுட்டது, அங்கே காயத்தோடு போனது.

மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா கொடுத்த விளக்கத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். முத்துராமலிங்கத் தேவரை இழிவாக எழுதின சுவர் எழுத்தில் இருந்து, மாணவன் கொலையில் இருந்து அவர் ஆரம்பித்தார். இரண்டும் நடந்தவைதான். ஆனால் ஐந்துமுனையில் எதிரே நின்றது இன்னொரு சாதி இல்லை, போலீஸ். கதையை சாதிப் பகையில் ஆரம்பித்தால் போலீஸ் நடுவராகிவிடுகிறது, விசில் ஊதிப் பிரித்துவிட வந்தவர் மாதிரி. செத்த ஆறு பேரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்பது அந்தக் கதைக்குள் உட்காருவதே இல்லை.

ஓய்வு பெற்ற நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2013-ல் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்றது.

1957-ல் நியாயம். 2011-ல் தவிர்க்க முடியாதது. முதலாவதில் செத்தவர்கள் மறவர், இரண்டாவதில் தேவேந்திரர். விசாரித்தவர் ஒருவர் வருவாய் அதிகாரி, ஒருவர் நீதிபதி. ஆட்சி வேறு, கட்சி வேறு. பதில் மட்டும் ஒன்று. ஏன் என்று யோசித்தால், கேட்கப்பட்ட கேள்வி ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்று படுகிறது. அந்த நிமிஷத்தில் கூட்டம் கல்லெறிந்ததா? எச்சரிக்கை கொடுத்தார்களா? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சாட்சி கிடைக்கும். சாட்சி சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் சீருடைக்காரர்கள்.

ஃபெர்குசன் ஊரில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் அங்கே மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கருப்பின இளைஞனைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 2015 மார்ச் 4-ல் அமெரிக்க நீதித்துறை ஒரே நாளில் இரண்டு அறிக்கை வெளியிட்டது. முதல் அறிக்கை, அந்தப் போலீஸ்காரர் மேல் வழக்குப் போட ஆதாரம் போதாது என்றது. நம் ஆணையங்கள் சொன்னது போலத்தான். ஆனால் இரண்டாவது அறிக்கை அந்த ஊர்ப் போலீசையே எடுத்து அலசியது. மக்கள் தொகையில் கருப்பினத்தவர் 67 சதவீதம். நிறுத்திச் சோதித்த வாகன ஓட்டிகளில் 85 சதவீதம். கைதானவர்களில் 93 சதவீதம். முனிசிபாலிட்டி வருமானத்துக்கு அபராதக் காசையும் பெரிதாக நம்பியிருந்தது என்று காட்டியது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று படிக்கிறவருக்குப் புரிந்தது.

நமக்கு அந்த இரண்டாவது அறிக்கை கிடைக்கவே இல்லை. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி ஸ்டேஷன்களில் பத்து வருஷத்தில் யார் மேல் எத்தனை வழக்கு, எந்தப் புகார் வாங்கப்பட்டது, எது சமாதானம் பேசி அனுப்பப்பட்டது, எந்த ஊர்வலத்துக்கு அனுமதி, எதற்குத் தடை என்று உட்கார்ந்து எண்ணியிருந்தால் ஐந்துமுனைச் சம்பவம் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறைக் கைதிகளின் சாதிப் பிரிவைக் கணக்கெடுக்கிறது. போலீஸ் சுட்டுச் செத்தவர்கள் அட்டவணையில் அந்தக் கட்டம் கிடையாது.

சட்டத்தையும் கொஞ்சம் பார்க்கணும். கூட்டத்தைக் கலைக்க நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காகப் போலீஸ் மேல் வழக்குத் தொடுக்க அரசின் அனுமதி வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-வது பிரிவு. 1898 வெள்ளைக்காரன் சட்டத்திலும் அதே எண், 1973 சட்டத்திலும் அதே எண். இப்போதைய பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவில் 151. எண்தான் மாறியது. விசாரணை ஆணையச் சட்டம் 1952-ன்படி ஆணையத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன சாட்சியத்தை அவருக்கே எதிராக வழக்கில் பயன்படுத்தவும் முடியாது, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர. ஆணையம் என்பது கோபம் ஆறுவதற்கான அவகாசம் என்று கிழவர்கள் சொல்வது கிண்டல் மட்டும் இல்லை.

ஆனால் எல்லா ஆணையமும் அப்படியே எழுதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 மே 22, தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூடு. நீதிபதி அருணா ஜெகதீசன் அறிக்கை 2022-ல் வெளிவந்தபோது, சுடவேண்டிய அவசியமே இருக்கவில்லை என்றது, 17 போலீசார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கூட்டத்தை எச்சரித்து, குறைந்த பலம் பயன்படுத்தி, கலைய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும் என்கிற போலீஸ் நிலையாணை எங்கே மீறப்பட்டது என்று இடம் இடமாகக் காட்டியது. அங்கே செத்தவர்கள் பல சாதி, பல மதம். ஊரே ஒரு பக்கம் நின்றது, டிவி கேமராவும் நின்றது. பரமக்குடிக்கு அந்தக் கண்கள் கிடைக்கவில்லை. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய், தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டுச் செத்த 17 பேருக்கும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு என்ன நிலைமை? இம்மானுவேலுக்கு 2010-ல் தபால்தலை வந்தது, பரமக்குடியில் மணிமண்டபம் கட்டுவதாக 2023-ல் அரசு அறிவித்தது. பசும்பொன்னுக்கு அக்டோபர் 30-ல் எல்லாக் கட்சித் தலைவர்களும் வருகிறார்கள். இரண்டு விழாவுக்கும் சேர்த்து செப்டம்பர் தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு போட்டு அக்டோபர் கடைசி வரை வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. வாடகை வண்டிக்குத் தடை, வண்டிக்கு அனுமதிச் சீட்டு, வெளிமாவட்டப் போலீஸ் ஆயிரக்கணக்கில். கீழத்தூவலில் ஐந்து பேருக்கு மாலை போட வருகிறவர்களும் பரமக்குடிக்கு வருகிறவர்களும் அந்த வாரத்தில் அதே செக்போஸ்ட்டில் இறங்கி, அதே போலீஸ்காரரிடம் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் நம் பக்கம் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.