குடலைப் பருவத்து வரட்சி: நெல்லின் மரபணுக்களை மருதமுனையிலிருந்து நோக்குதல்

இலங்கையின் கிழக்குக் கரையோரத்து மருதமுனையில் உறைபனி விழுவதில்லை. ஆயினும் இவ்வூர் வேளாண்மைக்கு உதவக்கூடிய வரட்சி ஆய்வின் வேர் ஒன்று குளிர் பற்றிய ஆய்வில்தான் இருக்கிறது. செடியின் கலத்துக்கு வெளியே பனி உறையும்போது, கலத்துக்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுக்கிறது; கலம் வரண்டுபோகிறது. உறைபனியும் வரட்சியும் கலத்துக்குச் செய்யும் கேடு பெரும்பாலும் ஒன்றே. அமெரிக்காவில் மைக்கேல் தோமஷோவின் குழு, பிற மரபணுக்களை இயக்கிவைக்கும் சிபிஎஃப்1 என்ற மரபணுவை அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியில் கண்டறிந்து 1997இல் அறிவித்தது. யப்பானில் யமகுச்சி-ஷினோசாகியும் கசுவோ ஷினோசாகியும் வரட்சியின் வழியே சென்று அதே குடும்பத்தைக் கண்டு, டிரெப்1 எனப் பெயரிட்டார்கள்.

யப்பானியக் குழு 1999இல் வெளியிட்ட முடிவே என் வாதத்துக்கு அடிப்படை. அக்குடும்பத்து டிரெப்1ஏ எந்நேரமும் இயங்கும்படி செய்தபோது செடி வரட்சியையும் உறைபனியையும் தாங்கியது. ஆனால் வளராமல் குறுகிப்போயிற்று. நெருக்கடி வரும்போது மட்டும் அதை இயக்கும் தொடக்கப் பகுதியோடு பொருத்தியபோது தாங்குதிறனும் கிடைத்தது, வளர்ச்சியும் பெரிதாகக் குன்றவில்லை. ஒரு மரபணு செடியில் இருப்பது மட்டும் போதாது. அது எப்போது விழிக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இப்பகுதி விவசாயியிடம் தெளிவான விடை உண்டு. மருதமுனை அடங்கிய கல்முனைப் பகுதி வயல்கள் பல, கல்லோயாத் திட்டத்தின் நீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் உள்ளவை. சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரம் வற்றினால் தட்டுப்பாடு இங்கே முந்தித் தெரியும். பயிர் அப்போது குடலையில், அதாவது கதிர் உறைக்குள் திரளும் பருவத்தில், நின்றால் இழப்பு மீளாது. வயலுக்குள் இறங்கிப் பாருங்கள்: இலை பச்சையாகவே நிற்கும், கதிர் மட்டும் கொடியிலையின் உறைக்குள் பாதி சிக்கியிருக்கும். வெளியே வந்த மணியை விரலால் நசுக்கினால் பால் வராது, எல்லாம் சப்பி. மகரந்தம் பழுதான பின் எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணி நிரம்பாது.

சாடியில் வளர்த்த நாற்றை வாடவிட்டு, பிறகு நீர் ஊற்றி, உயிர் தப்பியவற்றை எண்ணும் சோதனை இந்த இழப்பை அளப்பதில்லை. வரட்சி தாங்கும் மரபணு என்று அறிவிக்கப்படுபவற்றில் பல இத்தகைய சோதனையில் மட்டும் தேறியவை என்பது எனக்குக் கவலை தருகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வேறு வழியில் போயிற்று. பூக்கும் பருவத்தில் வயலிலேயே நீரை நிறுத்தி, அறுவடையை எடைபோட்டுப் பார்த்தது. அவ்வாறு 12ஆவது நிறமூர்த்தத்தில் கண்ட கியூடிடிவை12.1 என்ற பகுதி 2007இல் அறிவிக்கப்பட்டது. கடும் வரட்சியில் விளைச்சலின் மரபுசார் வேறுபாட்டில் ஏறத்தாழ 51 சதவீதம் அதனால் வந்தது. இன்னும் வியப்பு, நன்மை தரும் வடிவம், கலந்த இரு நெல்லினங்களில் வரட்சி தாங்கும் வந்தனாவிலிருந்து வரவில்லை. வரட்சிக்கு ஈடுகொடுக்காத வே ராரெம் என்ற மற்றப் பெற்றோரிலிருந்து வந்தது. நம் பழைய நெல்லினங்களையும் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குறுகிய வயது நெல் போதாதா என்று கேட்கலாம். பத்தலகொடையில் உருவான பிஜி 250 ஏறத்தாழ 80 நாளில் விளைந்து, வரட்சி முற்றுமுன் தப்பிக்கிறது. நல்ல வழிதான். ஆனால் வயது குறைந்தால் விளைச்சலும் குறையும். இடையில் நீர் நின்றால் அதுவும் தப்பாது. பிஜி 94-1 என்ற நெல்லினத்தைப் பொக்காளி என்ற நெல்லினத்தோடு கலந்து உவர் தாங்கும் ஏடி 354 ஐ நம் நாட்டிலேயே உருவாக்கினார்கள். அதே பிஜி 94-1 இல், மரபணு அடையாளங்களின் துணையோடு, வரட்சி தாங்க உதவும் இத்தகைய நிறமூர்த்தப் பகுதிகளைச் சேர்க்க முடியும். அதன் வழித்தோன்றல்களை இந்தக் கரையோரத்து வயலிலேயே நட்டு, குடலையில் நீரை நிறுத்தி, கதிருக்கு எத்தனை மணி நிரம்பியது என்று எண்ண வேண்டும்.