வயது வந்தோர்



'பெண் வயதுக்கு வந்துவிட்டாள்' என்று வீட்டில் சொன்னால் அதற்கு ஒரு பொருள். 'வயது வந்தோர் வாக்குரிமை' என்று அரசியல் நூலில் படித்தால் வேறொரு பொருள். முன்னதை உடல் அறிவிக்கிறது. பின்னதைச் சட்டம் அறிவிக்கிறது. இரண்டுக்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. நம் பெண்களின் வாழ்க்கையில் தீர்மானமாக வேண்டியவை யாவும் பெரும்பாலும் அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே தீர்மானமாகி வந்திருக்கின்றன என்பது, முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்த என்னுடைய எண்ணம்.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என் தமக்கையின் மகன்வழிப் பேர்த்திக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள கிராமத்து வீட்டில் வெள்ளி மாலையே சுற்றத்தார் கூடிவிட்டனர். சனிக்கிழமை ஐம்பது இலை விழுந்தது. திண்ணையில் ஒரு புறம் காய் நறுக்குவோர், மறுபுறம் சீட்டாடுவோர். நடுவே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்குடன் ஒரு மடிக்கணினியை வைத்து மேளமில்லாத சீராகக் கொண்டுவந்தார். பட்டணத்திலிருந்து வந்த கேக்கு வெயிலில் சற்றே இளகியிருந்தது. அதை யாரும் குறையாகக் கொள்ளவில்லை.

மாலையில் பேர்த்தி தன் பாட்டியிடம், "அப்பாயி, உங்களுக்குப் பதினெட்டு நிறைந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். "உன் அப்பனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன்" என்றார் என் தமக்கை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பதினெட்டு என்னும் இந்த எண் நமக்கு எங்கிருந்து வந்தது? இந்து தரும சாத்திர வழக்கப்படி இளமை பதினாறோடு முடிந்தது. வங்காளத்தார் பதினைந்து நிறைந்தாற் போதும் என்றனர். இங்கிலாந்தில் இருபத்தொன்று. ஒரு வீரன் கனமான கவசமணிந்து குதிரையேறிப் போரிடும் வலிமை பெறும் வயது அது என்று காரணம் கூறுவார்கள். இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் 1875ஆம் ஆண்டில் இந்திய வயதுநிறைவுச் சட்டத்தை இயற்றிப் பதினெட்டு என்று வகுத்தனர். நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் இருபத்தொன்று. அந்த வேறுபாடு 1999இல்தான் நீங்கியது. இங்கிலாந்து தன் இருபத்தொன்றைக் கைவிட்டுப் பதினெட்டுக்கு வந்தது 1970இல்.

1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் இளமைப் பருவத்தை நீட்டுவதும், வயதைப் பற்றிய ஐயங்களை நீக்குவதுமாகும். பெரிதும் சொத்தைப் பற்றிய கவலையே அது. கல்கத்தாவில் வயது நிரம்பாத ஒருவர் இருபதாயிரம் ரூபாய்க்குத் தம் சொத்தை அடமானம் வைத்த வழக்கில், அத்தகைய ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பதினேழு வயதுப் பிள்ளை கையெழுத்திட்டால் ஒரு குழி நிலமும் கைமாறாது.

ஆனால் அதே சட்டத்தின் தொடக்கத்தில் ஒரு விலக்கு உண்டு. திருமணம், மணக்கொடை, மணவிலக்கு, சுவீகாரம் ஆகிய நான்கிலும் இச்சட்டம் தலையிடாது என்பது அது. நிலத்தை விற்பதற்குப் பதினெட்டு வேண்டும். பெண்ணைக் கொடுப்பதற்கு வேண்டியதில்லை. இதைவிடத் தெளிவாக அக்காலத்தவரின் மனத்தைக் காட்டும் சான்று வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த விலக்கை அடைக்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது. கணவனோடு கூடி வாழும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தவே 1891இல் பெரும் கிளர்ச்சி மூண்டது. ஹர்விலாஸ் சாரதா கொண்டுவந்த 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்றது. சென்னைச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதற்காக ஓயாது பேசினார். 1949இல் பெண்ணின் வயது பதினைந்தாயிற்று. 1978இல்தான் பதினெட்டு.

இனி என் தமக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பிறந்தது மன்மத ஆண்டு ஐப்பசி. அவ்வாண்டு கார்த்திகையில், அதாவது 1955ஆம் ஆண்டு இறுதியில், தஞ்சைக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியபோது அவர் ஒரு மாதக் கைக்குழந்தை. அம்மா அவரை மரக்காலுக்குள் வைத்துக் காத்ததாகக் கதை சொல்வார்கள். கதை என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவேட்டில் அவருடைய பிறந்தநாள் 1-6-1955. அக்காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுசென்று இடக்காதைத் தொட முடிந்தால் ஐந்து வயது என்பது ஆசிரியர்களின் கணக்கு. தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதி எழுதப்படும். நானும் என் தொடக்ககாலத்தில் அப்படி எழுதியவனே. சட்டத்தின் முன் ஒரு தலைமுறையின் வயது ஆசிரியர் பேனாவிலிருந்து பிறந்தது.

1968ஆம் ஆண்டு தை மாதத்தில், எட்டாம் வகுப்பில் இருந்தபோது, தமக்கை பெரியவளானார். மாமா பச்சையோலையில் குடிசை கட்டினார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். மஞ்சள் நீராட்டுக்கு ஊரே வந்தது. எனக்கு எட்டு வயது. பட்டாசும் பலகாரமுமே நினைவிலிருக்கின்றன. அதற்குப்பின் அவர் பள்ளிக்குப் போகவில்லை. போகவேண்டாமென்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆண்டுத் தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தது.

நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவருடைய கணக்குப் புத்தகம் எனக்கு வந்தது. முற்பகுதியெங்கும் அவருடைய பென்சில் குறிகள். பிற்பகுதி புதிதாகவே இருந்தது. நான் அதைப் பயன்படுத்தினேன், வேறெதுவும் எண்ணவில்லை. அதே ஆண்டு, 1972 தை மாதத்தில், அவருக்குத் திருமணம். வயது பதினாறு. அன்றைய சட்டப்படி அதில் பிழையில்லை.

ஆசிரியரான பிறகு, வகுப்பில் ஒரு பெண் பத்து நாள் வராவிட்டால் காரணம் எனக்கு விளங்கிவிடும். தொடக்கத்தில் நான் கேட்கத் தயங்கினேன். பிறகு வீடு தேடிப் போகத் தொடங்கினேன். சில வீடுகளில் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சில பெண்கள் திரும்பி வந்தார்கள். உண்மையில் என் நடையைவிட அதிகம் பயனளித்தது, 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும், பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, தந்தைமாரைப் பதிவேட்டின் பக்கம் பார்க்க வைத்தது. 2022இல் அத்திட்டமே திருமணத்தை விட்டுவிட்டு, கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று மாறியது.

என் தமக்கையின் பேர்த்திக்கும் ஐந்தாண்டுக்கு முன் சடங்கு நடந்தது. ஓலை கட்டினார்கள், களியும் கிண்டினார்கள். பத்தாம் நாள் அவள் மிதிவண்டியில் பள்ளிக்குப் போனாள். அவளை வாசலில் நின்று அனுப்பிவைத்தவர் அவளுடைய அப்பாயியே.

ஞாயிற்றுக்கிழமை காலை, விருந்தினர் பாதிப்பேர் புறப்பட்ட பின், பேர்த்தி வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான ஆறாம் படிவத்தை எடுத்துவந்தாள். தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. சில வாரம் முந்திப் பிறந்திருக்கலாமே என்று கேலி செய்தார்கள். வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டானது 1989 மார்ச்சில் என்றும், அவ்வாண்டு ஜனவரியில் நடந்த தமிழகத் தேர்தலில் பதினெட்டு வயதினர் வாக்களிக்க இயலவில்லை என்றும் நான் சொல்லத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

படிவத்தில் பிறந்த தேதி எழுதும் இடம் வந்ததும் அவள் நிமிர்ந்து, "அப்பாயி, உங்கள் பிறந்தநாள் ஜூன் ஒன்றுதானே? இம்மாதம் கொண்டாடியிருக்கலாமே?" என்றாள். ஜூன் ஒன்று பொய்யென்றும், ஐப்பசி என்பது மட்டுமே மெய்யென்றும் நான் விளக்கினேன். ஐப்பசியில் எந்த நாள் என்று தமக்கைக்கும் தெரியாது. அம்மா போய்விட்டார், பெண்பிள்ளைக்குச் சாதகம் எழுதவில்லை.

"அப்படியானால் வருகிற ஐப்பசியில் ஏதாவதொரு சனிக்கிழமை" என்று அவள் முடிவு செய்தாள். "ஐப்பசியில் அடைமழை, விறகு நனைந்துவிடும், யார் வருவார்கள்?" என்றார் தமக்கை. ஆயினும் சற்றுநேரத்தில் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, பஞ்சாங்கத்தில் பார்த்து எந்தச் சனிக்கிழமை என்று எழுதிவை" என்றார்.