பாலாற்றின் பழுது நேரம்

இரவு இரண்டு மணிக்கு ஃபோன் அடிக்கும். எங்கோ ஒரு சர்வர் விழுந்திருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து சரிசெய்துவிட்டுத் திரும்பப் படுப்பேன். மறுநாள் மீட்டிங்கில் இரண்டு எண்களைத்தான் கேட்பார்கள். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே சராசரியாக எவ்வளவு நேரம் ஓடியது? அது எம்டிபிஎஃப். விழுந்ததை நிமிர்த்த சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது? அது எம்டிடிஆர். முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், இயந்திரம் எத்தனை சதவீத நேரம் வேலைக்குத் தயாராக இருந்தது என்று தெரியும். 99.9 என்றால் வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது.

இந்தக் கணக்கு சாஃப்ட்வேர்க்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் உலகப்போரில் வெற்றிடக் குழாய்கள் ஓயாமல் செத்ததில் கற்ற பாடம் அது. 1952இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. அதே காலத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ராபர்ட் லுஸ்ஸரின் பெயரால் ஒரு விதி பிரபலமானது. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியின் பலம் என்று நாம் நினைக்கிறோம். இல்லை, அதைவிடவும் குறைவு. கண்ணிகளின் நம்பகத்தன்மையை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

இந்தப் பெருக்கலை வேலூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. 2019 வரை எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். எல்லாமே பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்கள். டேனரிக் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுப்பதை எதிர்த்து 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகியிருக்கிறது என்ற விவரங்கள் அதில் பதிவாகின. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு நடக்கும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது நீதிமன்றம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பது ஒரு சங்கிலி. கழிவைச் சேர்க்கும் தொட்டி, ரசாயனம் கலப்பது, காற்றூட்டுவது, சவ்வு வழியே வடிகட்டுவது, மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றவைப்பது. ஐந்து கண்ணிகள். மாற்று இயந்திரம் எதுவும் இல்லாமல் ஒவ்வொன்றும் 95 சதவீத நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மார்க்தான். பெருக்கினால் 77. நூறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 23 மணி நேரம் சங்கிலி அறுந்து கிடக்கும். அதுவும் உப்பு இரும்பைத் தின்னும் இடம், சுண்ணாம்புப் படிவு சவ்வை அடைக்கும் இடம்.

டேனரியில் டிரம் நின்றால் முதலாளிக்கு அன்றைக்கே நஷ்டம், மெக்கானிக் ஓடி வருவார். சுத்திகரிப்பு பம்ப் நின்றால் நஷ்டம் யாருக்கு? கிணற்றுக்கு. கிணறு மெக்கானிக்கைக் கூப்பிடாது. ஒரே சூத்திரம்தான், ஆனால் ஒரு பழுதுக்கு வலி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. யாருக்கு வலிக்கிறதோ அவர்தான் எண்ணுகிறார்.

எண்ணினாலும் ஆபத்து உண்டு. ரிப்பேர் நேரத்தைக் குறைக்கணும் என்று மேலிருந்து அழுத்தினால் எதைக் குறைப்பார்கள்? தோலின் முடியை நீக்கப் போடும் சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும், காற்றோட்டம் தர வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும். இதெல்லாம் நேரம். இதைத் தவிர்த்தால் எம்டிடிஆர் அழகாகக் குறையும். அந்த அழகான எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதனின் மூச்சு இருக்கிறது.

சராசரி மறைக்கும் இன்னொன்றும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. சேறு பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தது. பத்து பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்து அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். சுவர் சுற்றுவதில்லை, சூடாவதில்லை, சத்தம் போடுவதில்லை. ஒருமுறைகூட விழாத பொருளின் எம்டிபிஎஃப் என்ன? பூஜ்யத்தால் வகுக்க வேண்டும், பதில் முடிவிலி. அதாவது விழுவதற்கு முந்தைய நாள் வரை அந்த அட்டவணையில் மிகவும் நம்பகமான பொருள் சுவராகத்தான் இருந்திருக்கும்.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மறுபடி உத்தரவிட்டது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுக்க வேண்டும், மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும், மேற்பார்வைக்கு ஒரு குழு அமைக்க வேண்டும். மனு போட்டது 1991. நடுவே 34 வருஷம்.

எங்கள் துறையில் பழுதைக் கவனித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும், சரியானதும் நிற்கும், டிக்கெட்டை மூடுவோம். சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போகும்போதெல்லாம் ஆம்பூர் பலகையைத் தாண்டுகிறேன். அங்கே ஒரு டிக்கெட் என் வயதை நெருங்கிக்கொண்டு, இன்னும் திறந்தே கிடக்கிறது.