நோயைப் புதைத்த மேடு

மானுடவியல் படிச்ச யாரைக் கேட்டாலும் எவன்ஸ் ப்ரிட்சர்ட் எழுதின 'தி நூயர்' (1940) புத்தகத்தைச் சொல்லுவாங்க. இப்ப தெற்கு சூடானா இருக்கிற நாட்டுல, மாடுதான் உயிருன்னு வாழுற நூயர் மக்களைப் பத்தினது. ராஜா, போலீஸ் எதுவும் இல்லாம ஒரு சமூகம் எப்படி நடக்குதுன்னு அழகா விளக்குவார். ஆனா என்னை உறுத்தினது முன்னுரையில போற போக்குல வர்ற ஒரு சம்பவம். ஒரு நாள் விடியக்காலையில அரசாங்கப் படை அவர் இருந்த முகாமைச் சுத்தி வளைக்குது. ரெண்டு தீர்க்கதரிசிகளைத் தேடுது, பிணையா ஆளுங்களைப் பிடிச்சிட்டுப் போகுது. அப்புறம் எந்த நூயர்காரன் ஒரு வெள்ளைக்காரர்கிட்ட மனசு விட்டுப் பேசுவான்? பேரைக் கேட்டாக்கூட சுத்திச் சுத்தித்தான் பதில் வந்துச்சாம்.

அவரை அனுப்பினதும், காசு குடுத்ததும் அதே ஆங்கிலோ-எகிப்திய சூடான் அரசாங்கம்தான். (கிளையண்ட் கேட்ட ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா என்ன! :-))

அவர் 1930ல போறதுக்கு முன்னாடி நடந்த கதை இது. ங்குன்டெங் போங்னு ஒரு தீர்க்கதரிசி. டெங் என்கிற வானத்து தெய்வம் அவர் மேல இறங்கினதா நம்பினாங்க. 1890கள்ல பெரியம்மை மனுஷங்களையும், வெக்கை நோய் மாடுகளையும் வாரிக்கிட்டுப் போனப்போ, மண்ணும் சாம்பலும் கொட்டி ஒரு பெரிய மேடு கட்ட வச்சார். நோயை அதுக்குள்ள புதைச்சிடறதா ஐதீகம். சுத்தி யானைத் தந்தம் நட்டாங்க. 1906ல அவர் செத்துட்டார். மகன் குவெக், அரசாங்கம் ரோடு போட ஆள் கேட்டப்போ முரண்டு பிடிச்சார். 1927-28ல விமானத்துல வந்து அந்த மேட்டு மேல குண்டு போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு மண்மேட்டுக்கு விமானப்படை! 1929ல குவெக்கை அந்த மேட்டு முன்னாடியே சுட்டுக் கொன்னாங்க. ங்குன்டெங்கோட கைத்தடியை பெர்சி கோரியட் என்கிற மாவட்ட அதிகாரி எடுத்துக்கிட்டார்.

அதிகாரிகளோட ஃபைல்ல இவங்க சூனியக்காரங்க, கலகக்காரங்க. எவன்ஸ் ப்ரிட்சர்ட்டும் தீர்க்கதரிசிகளை வெளியாளை எதிர்க்கப் புதுசா முளைச்சவங்களாத்தான் பார்த்தார். இவ்வளவு கூர்மையான ஆள் இதுல கோட்டை விட்டுட்டாரேன்னு எனக்கு வருத்தம்தான்.

1970கள்ல டக்ளஸ் ஜான்சன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் போய், பெரியவங்க கூட உட்கார்ந்து, ங்குன்டெங் பாடின பாட்டுகளையும் கேட்டார். அவருக்குக் கிடைச்சது வேற ஆள். ஆரம்பத்துல டிங்காக்களோட பெரிய சண்டை ஜெயிச்சவர்தான். ஆனா அப்புறம் பங்காளிப் பகை தீர்த்து, கொள்ளைக்குப் போகாதேன்னு சொல்லி, டிங்காக்களோடயும் உறவு வச்சவர். இதெல்லாம் ஜான்சனோட 'நூயர் ப்ராஃபெட்ஸ்' (1994) புத்தகத்துல இருக்கு.

கைத்தடி பிற்பாடு ஜான்சன் கைக்கே வந்து சேர்ந்துச்சு. 2009ல ஜூபாவுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தார். வாங்கிக்கிட்டவர் ரியக் மச்சார், நூயர் அரசியல் தலைவர். ங்குன்டெங் முன்கூட்டியே சொன்ன ஆள் இவர்தான்னு நிறைய பேர் நம்பினாங்க. 2013 டிசம்பர்ல மச்சாருக்கும் அதிபர் சல்வா கீருக்கும் முட்டிக்கிட்டு உள்நாட்டுப் போர் வெடிச்சப்போ, நூயர் பசங்க ங்குன்டெங்கோட வாக்கைச் சொல்லித்தான் துப்பாக்கி தூக்கினாங்க.