‘வழங்கப்படும்’, ‘வழங்கப்படலாம்’

நான் குமாஸ்தாவாக இருந்த நாளில், ஓர் ஆணை மேசைக்கு வந்தால் முதலில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத்தான் பார்ப்பேன். ‘வழங்கப்படும்’ என்றால் மனுதாரரின் உரிமை. ‘வழங்கப்படலாம்’ என்றால் அதிகாரியின் மனசு. பிரிட்டனின் வாடகை உதவித்தொகை வரலாற்றைப் படித்தபோது அந்தப் பழைய பழக்கம் திரும்பி வந்தது.

அங்கே கவுன்சில் வீடுகளிலும் வீட்டுவசதிச் சங்க வீடுகளிலும் குடியிருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகைக்கு அரசு உதவுகிறது. 2012இல் ஒரு சட்டம் போட்டு, 2013 ஏப்ரல் 1 முதல் இதில் கை வைத்தார்கள். தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால், உதவிக்குக் கணக்கிடும் வாடகையில் 14 சதவீதம் வெட்டு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம். நம்மைப் போன்ற ஓய்வூதிய வயதுக்காரர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். ஜனங்கள் வைத்த பெயர் ‘படுக்கையறை வரி’.

மாற்றுத்திறனாளிகளின் பாடுதான் பெரும்பாடு. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, அகலமான கதவு, ஆளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகக் கூரையில் ஒரு கருவி. பெரும்பாலும் பொதுப் பணத்தில் செய்த வேலை. சின்ன வீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அரசுக்கும் இது புரிந்தது. ஆனால் விதியில் விலக்கு எழுதவில்லை. இப்படிப்பட்ட வீடுகளை நினைத்து உள்ளூர் நிர்வாகங்களுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கி, விருப்புரிமை உதவியாகக் கொடுக்கலாம் என்றது. கவனியுங்கள், ‘லாம்’! அது பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். தவணை முடிந்தால் மறுபடி மனு.

2016 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், உடல்நிலையால் ஒரே அறையில் படுக்க முடியாத ஒரு தம்பதிக்கும், பிள்ளைக்கு இரவில் துணையாள் தேவைப்பட்ட ஒரு குடும்பத்துக்கும் நியாயம் சொன்னது. 2017 ஏப்ரலில் விதியே மாறியது. ஆனால் மாற்றுத்திறனாளி மகளுக்கென்றே கட்டிய மூன்று படுக்கையறை வீட்டில் அவளைப் பராமரித்த ஒரு தாய் தோற்றார். அந்தக் கூடுதல் அறைக்கு மருத்துவக் காரணம் இல்லையாம். விருப்புரிமை உதவி போதுமாம்.

அவர் ஸ்ட்ராஸ்பூர் வரை போனார். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, ரைன் நதியோரம் புள்ளி வைத்து நான் குறித்த ஊர். அங்குள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2019 அக்டோபரில் அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. வீட்டை மாற்றிய செலவையும், வெட்டில் மிச்சமாகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எங்கள் பழைய சூப்பிரண்டெண்டே கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஸ்காட்லாந்து அரசு 2014இலிருந்து தன் பணத்தையும் போட்டு இந்த வெட்டை ஈடுகட்டி வருகிறது. வழி மட்டும் அதே விருப்புரிமை உதவிதான். அங்கும் விண்ணப்பம் எழுதித்தான் வாங்க வேண்டும்.