கூப்பர் ஓடைச் சாவுகளும் கானகக் கல்வியும்

1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்பர்ன் நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட ஆய்வுப் பயணக் குழுவுக்குப் பொருளில் எந்தக் குறைவும் இல்லை. சுமார் இருபது டன் சரக்கு, குதிரைகள், வண்டிகள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த ஒட்டகங்கள் எல்லாம் இருந்தன. தலைவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க் ஒரு காவல்துறை அதிகாரி. அவருக்குத் துணைவரான வில்லியம் ஜான் வில்ஸ் நில அளவையில் தேர்ந்தவர். ஆஸ்திரேலியக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பதே நோக்கம். கூப்பர் ஓடைக் கரையில் ஒரு கிடங்கு முகாமை அமைத்துவிட்டு நால்வர் மட்டும் முன்னே சென்றார்கள். 1861 பிப்ரவரியில் வடகடலின் உப்புநீர்ச் சதுப்பு வரை எட்டினார்கள். திரும்பும் வழியில் ஒருவர் இறந்தார். எஞ்சிய மூவரும் ஏப்ரல் 21 மாலை முகாமை அடைந்தபோது, அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள். இந்தச் சில மணி நேர வித்தியாசத்தையே விதியின் கொடுமையாகக் காட்டி ஆஸ்திரேலியர்கள் இக்கதையைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். என் பார்வையில் அது தவறான இடத்தில் காரணம் தேடுவது. பர்க்கும் வில்ஸும் இறந்தது ஜூன் இறுதியில். இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கு மேலான காலத்தை அவர்கள் வற்றாத மடுக்களும் மீன்களும் நிறைந்த ஒரு நீரோட்டத்தின் கரையில், மக்கள் காலங்காலமாகக் குடியிருந்த இடத்தில் கழித்தார்கள். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கான விடை அந்த இரண்டு மாதங்களில்தான் இருக்கிறது.

அம்மண்ணின் மக்கள் யாண்ட்ருவாந்தா என்போர். அவர்கள் இந்த வெள்ளையர்களுக்கு மீனும், நார்டூ என்ற செடியின் மாவால் சுட்ட அடையும் கொடுத்தார்கள். வில்ஸ் சில நாட்கள் அவர்களுடனேயே தங்கி நன்றாக உபசரிக்கப்பட்டார். பர்க்கின் போக்கு வேறு. அதிகம் பழகினால் அம்மக்கள் தம் முகாமை விட்டு நகரமாட்டார்கள் என்று அஞ்சினார். ஒரு துணியை ஒருவர் எடுத்ததற்காகத் துப்பாக்கியால் சுட்டு மிரட்டினார். மற்றொரு முறை வலைகளில் மீன் கொண்டுவந்தவர்களின் கையிலிருந்து அவ்வலைகளைத் தட்டிவிட்டார். அம்மக்கள் அகன்று போனார்கள். பிறகு பயணிகள் மூவரும் நார்டூவைத் தாமே கண்டுபிடித்துத் திரட்டினார்கள், இடித்தார்கள், வயிறு நிறைய உண்டார்கள். பசி அடங்குகிறது, உணவும் ருசிக்கிறது, ஆனால் உடம்பில் வலு ஏறவில்லை என்ற பொருள்பட வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதற்குச் சில நாட்களில் அவர் மாண்டார். பர்க்கும் மாண்டார். மூன்றாமவரான ஜான் கிங் யாண்ட்ருவாந்தா மக்களைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர்களுக்காகப் பறவைகளைச் சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கையில் இருந்த புண்ணைக் கழுவி மருந்திட்டார். பர்க்கின் உடல் கிடந்த இடத்தைக் காட்டியபோது அவர்கள் அழுது, தழைகளால் அதை மூடினார்கள் என்பதும் கிங்கின் வாக்குமூலத்திலேயே உள்ளது. செப்டம்பர் 15 அன்று ஆல்ஃபிரட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது கிங் உயிரோடிருந்தார்.

நார்டூ ஒரு நீர்ப் பெரணி. நம் வயல் வரப்புகளில் முளைத்து நாம் கீரையாகச் சமைக்கும் ஆரைக்கீரைக்கு மிக நெருங்கிய உறவு, ஒரே பேரினம். அதன் வித்துப்பைகளில் தயமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி மிகுந்திருக்கிறது. ஜான் ஏர்ல், பாரி மெக்கிளியரி என்ற ஆய்வாளர்கள் 1994இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், பர்க்கும் வில்ஸும் அந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயால் இறந்திருக்கலாம் என்றார்கள். பழங்குடிப் பெண்கள் வித்துப்பைகளை வறுத்து, உமி நீக்கி, நிறைய நீர்விட்டு அரைத்துச் சமைத்தபோது அந்த நொதியின் தீங்கு குறைந்தது என்பது அவ்வாய்வாளர்களின் விளக்கம். கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் என்ன பாடுபடும் என்று அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். பொருளை அறிவது வேறு, பக்குவத்தை அறிவது வேறு. பயணிகள் எடுத்துக்கொண்டது பொருளை மட்டும். பக்குவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். உட்கார இடம் கொடுத்தவர்களை அவர்களே விரட்டிவிட்டார்கள். இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. கடும் உழைப்பும் பட்டினியும் குளிரும் ஸ்கர்வியும் சேர்ந்தே கொன்றன, நார்டூவைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை என்பாரும் உண்டு. அது சரியாகவே இருக்கலாம். அப்போதும் என் வாதம் வலுக்கவே செய்கிறது. யாண்ட்ருவாந்தா மக்கள் நார்டூவை மட்டும் தின்று வாழவில்லை. மீன், பறவை, வேறு விதைகள் ஆகியவற்றோடு கூடிய உணவு முறையில் அது ஓர் அங்கம். அந்த முறையிலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுத்தவர்கள் இறந்தார்கள், அதற்குள் போய் வாழ்ந்தவர் பிழைத்தார்.

வடதுருவப் பகுதியிலும் இதுவே நடந்தது. ஆர்க்னித் தீவில் பிறந்த மருத்துவர் ஜான் ரே, ஹட்சன் விரிகுடா நிறுவனப் பணியில் இருந்தபோது கிரீ மக்களிடம் பனிக்காலணி நடையையும் வேட்டையையும் கற்றார். இனுயிட் மக்களிடம் பனிவீடு கட்டக் கற்றார். 1846-47 குளிர்காலத்தைக் கல்வீட்டில் நடுங்கிக் கழித்தவர், 1853-54இல் பனிவீட்டில் தங்கி, அதுவே கதகதப்பானது என்று கண்டார். அதே வட்டாரத்தில்தான் 1845இல் இரண்டு கப்பல்களில் 129 பேருடன் சென்ற சர் ஜான் ஃபிராங்ளினின் குழு முற்றாக அழிந்தது. 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டு 105 பேர் நடந்தார்கள், ஒருவரும் ஊர் திரும்பவில்லை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: அந்த வறண்ட பனி நிலத்தில் 105 பேருக்கு வேட்டையால் சோறு போட இனுயிட் மக்களாலும் முடியாது, கற்றிருந்தாலும் பயனில்லை. உண்மைதான். ஆனால் அத்தனை பேரை அங்கே அனுப்பியது இயற்கை அல்ல, லண்டனில் எடுத்த முடிவு. ஒரு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதும் அந்நிலத்தாரின் அறிவில் அடங்கியதே. ரே 1846இல் ஒரு டஜன் ஆட்களோடுதான் போனார். நார்வேக்காரர் ரோவால்ட் ஆமுண்ட்சென் 1903இல் ஏழு பேர் கொண்ட சிறு குழுவாகப் போய், கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் நெட்சிலிக் இனுயிட் மக்களோடு பழகித் தோலாடையும் நாய்வண்டியும் கற்றார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தில் அவர் நின்றதற்கு அந்தக் கல்வியும் ஒரு காரணம்.

பழங்குடியினரைத் தவறே செய்யாதவர்களாகப் புகழ்வதும், செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் பழைய திறன்களைப் பேசுவதும் வெறும் ஏக்கம் என்பது இன்னொரு மறுப்பு. இனுயிட் மக்களும் பஞ்சத்தில் மாண்டதுண்டு, அவர்கள் அறிவு மந்திரமன்று. அது பல தலைமுறைகள் பிழைத்தும் பிழைக்காமலும் சோதித்துப் பார்த்த அறிவு, அவ்வளவுதான். அதை அலட்சியப்படுத்தியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் விலை கொடுத்தார்கள். 1854இல் ஃபிராங்ளின் குழுவின் முடிவையும், பசியில் சிலர் மனித உடலைத் தின்றதையும் இனுயிட் மக்கள் சொல்லக் கேட்டு ரே அறிவித்தார். சார்லஸ் டிக்கன்ஸ் தம் இதழில் அச்சாட்சியத்தை நம்பத்தகாதது என்று சாடினார். 1990களில் ஆராயப்பட்ட எலும்புகளில் கத்தி வெட்டுத் தடயங்கள் இருந்தன. 2014இல் ஃபிராங்ளின் குழுவின் எரெபஸ் கப்பல் கடலடியில் கண்டெடுக்கப்பட்டபோது, அது இனுயிட் வாய்மொழி மரபு சுட்டிய வட்டாரத்திலேயே இருந்தது. கண்டறிய உதவியது ஒலியலைக் கருவி, எங்கே தேட வேண்டும் என்று சொன்னது பாட்டன்மார் பேச்சு.

நம் இளைஞர்களுக்கு மலையேற்றமும் காட்டு முகாமும் நடத்தும் அமைப்புகள் பெருகிவருவது மகிழ்ச்சி தருகிறது. அவற்றில் தீ மூட்டுவதும் முடிச்சுப் போடுவதும் பெரும்பாலும் மேல்நாட்டுக் கையேடுகளைப் பார்த்தே கற்பிக்கப்படுகின்றன. இருளர், காணிக்காரர், பளியர் போன்ற மக்கள் இம்முகாம்களுக்கு வந்தாலும் வழிகாட்டிக் கூலிகளாகவே நிற்கிறார்கள். முகாம் நடத்துவோரை வேண்டிக் கேட்கிறேன்: அவர்களை ஆசிரியர்களாக அமர்த்துங்கள். ஆசிரியருக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். எந்தக் கிழங்கு, எந்தப் பருவம், எத்தனை முறை கழுவ வேண்டும் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.